பாட்டிலில் வரும் நானோவும் பாம்பன் காற்றும்

ராமேஸ்வரம் தீவில் இருக்கும் தங்கச்சிமடத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வியை, புதிதாக வாசிப்பவர்களுக்காக முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அவருடைய அப்பாவிடம் முப்பது அடி பைபர் வள்ளமும் ஒரு அவுட்போர்டு இன்ஜினும் இருக்கின்றன. போன வாரம் ஒருவர் வந்து ‘நானோ செராமிக் கோட்டிங்’ என்று 200 மில்லி பாட்டில் ஒன்றைக் காட்டியிருக்கிறார். ஒரு பாட்டில் ஒரு வள்ளத்துக்குப் போதுமாம். ஐந்து வருடத்துக்குத் துருப்பிடிக்காதாம், படகின் அடியில் கல்போல ஒட்டி வளரும் கடலுயிரியான கொட்டலசும் ஒட்டாதாம். ஒரு தகரத்தில் அதைத் தடவி, மேலே தண்ணீர் ஊற்றி, முத்து முத்தாக உருண்டு ஓடுவதையும் காட்டியிருக்கிறார். தம்பி மெக்கானிக்கல் டிப்ளமோ கடைசி வருடம் படிக்கிறார். பாடத்தில் நானோ உற்பத்தியும், சூடோ மின்சாரமோ அழுத்தமோ பட்டால் தானாகவே மாறிக்காட்டும் ஸ்மார்ட் மெட்டீரியலும் வருகின்றன. ‘இதெல்லாம் நிஜமா, நம்ம கடலுக்குத் தாங்குமா, இதைப் படித்தால் நம்ம பக்கம் வேலை இருக்கா’ என்று கேட்டிருக்கிறார். மூன்று கேள்விகள்போலத் தெரிந்தாலும் அடியில் கிடப்பது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். ஆய்வகத்தில் நிஜமாக இருக்கிற ஒரு பொருள், நம் கரைக்கு வந்து சேரும்போதும் நிஜமாகவே இருக்குமா?

நான் ராமநாதபுரம் கரையில் இருக்கும் மண்டபம் ஊர்ப் பக்கத்துக்காரன். இருபத்திரண்டு வருடமாக இரும்புக் கட்டுமானங்களிலும் கப்பல்களிலும் பூச்சுப் பரிசோதனை வேலை பார்க்கிறேன். பெயின்ட் அடிப்பதற்கு முன்பும் பின்பும் கருவியோடு போய் நிற்பவன் என்று வைத்துக்கொள்ளுங்கள். துரு, பூச்சு, உப்பு பற்றி நான் சொல்வது கைப்பட்ட அனுபவம். சிப் தயாரிக்கும் தொழிற்சாலைக்குள் நான் வேலை பார்த்ததில்லை. அதைப் பற்றிச் சொல்வது படிப்பிலிருந்து.

முதலில் நம் காற்று. மண்டபத்தில் கடலைப் பார்த்த வீட்டு ஜன்னல் கம்பியைக் காலையில் விரலால் துடைத்துப் பாருங்கள். பிசுபிசுப்பாக ஒரு ஈரம் ஒட்டும். மழை பெய்திருக்காது, பனியும் இருக்காது, ஆனாலும் ஈரம். துடைத்த இடத்தில் வெயில் ஏறிய பிறகு பார்த்தால் வெள்ளைப் பொடி. சமையல் உப்பு காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் நீரை இழுத்துக் கரையும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அது 33 சதவீத ஈரப்பதத்திலேயே நீரை இழுக்கத் தொடங்கிவிடும். நம் கரையில் அந்த அளவுக்குக் காற்று காய்வது அபூர்வம். ஆகவே கம்பி மேல் உப்பு படிந்த நிமிடத்திலிருந்து அங்கே கண்ணுக்குத் தெரியாத ஒரு உப்புத்தண்ணீர்ப் படலம் இருந்துகொண்டே இருக்கிறது. கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வீசினால் தென்கடல் (மன்னார் வளைகுடா) உப்பு, வாடை வீசினால் வடகடல் (பாக் விரிகுடா) உப்பு. தீவில் இருப்பவர்களுக்கு இரண்டு பக்கமும் தப்பவில்லை. உலகத்தில் அமெரிக்காவின் மியாமிக்கு அடுத்தபடி துரு அதிகம் பிடிக்கும் இடம் பாம்பன் என்று ஒரு வாக்கியம் எல்லாக் கட்டுரைகளிலும் வரும். அந்தத் தரவரிசையை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. துரு பிடிக்கும் வேகம் கடலிலிருந்து நூறு மீட்டர் தள்ளினாலே மாறும், காற்றுக்கு மறைவான பக்கத்தில் இன்னொன்றாக இருக்கும். ஆனால் மிகக் கடுமையான வகையைச் சேர்ந்த கரை நம்முடையது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அடுத்து நானோ. ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு நானோமீட்டர். தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறத்தாழ எண்பதாயிரத்திலிருந்து ஒரு லட்சம் நானோமீட்டர். உங்கள் நகம் விநாடிக்குச் சுமார் ஒரு நானோமீட்டர் வளர்கிறது. இந்த அளவில் பொருளைக் கையாள முடியும் என்று 1959இல் அமெரிக்க இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மேன் பேசினார். ‘நானோ டெக்னாலஜி’ என்ற சொல்லை 1974இல் ஜப்பானியப் பேராசிரியர் நோரியோ தனிகுச்சி பயன்படுத்தினார். இது உங்கள் பாடத்தில் இருக்கும், அதனால் விட்டுவிடுகிறேன். பாடப் புத்தகம் சரியாக அழுத்திச் சொல்லாத ஒரு விஷயத்தைத்தான் நான் சொல்ல வேண்டும். நானோ அளவில் ஒரு பொருளைச் செய்வது இப்போது பெரிய வித்தை இல்லை. அதே பொருளை, அதே அளவில், ஒரு பெரிய பரப்பு முழுக்க, ஆயிரம் தடவை பிசகாமல் செய்வதுதான் வித்தை. நானோ உற்பத்தி என்ற பாடத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

உங்கள் கையில் இருக்கும் போனையே பாருங்கள். அதன் சிப்பில் கோடு வரைய இப்போது 13.5 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளியைப் பயன்படுத்துகிறார்கள். உருகிய வெள்ளீயத் துளிகளை விநாடிக்கு ஐம்பதாயிரம் வீதம் விழவைத்து, ஒவ்வொன்றையும் லேசரால் அடித்து அந்த ஒளியை உண்டாக்குகிறார்கள். அந்த அறைக்குள் வரும் காற்று முழுக்க வடிகட்டியது, வேலை செய்பவர் உடம்பு முழுக்க மூடியிருப்பார். ஒரு தூசி விழுந்தால் அந்த இடத்துச் சிப் வீண். இத்தனை காவலுக்கு நடுவில்தான் நானோ நடக்கிறது.

இன்னொரு உதாரணம் நம் மாவட்டத்திலேயே தெரியும். 2016இல் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் வந்தது. அதற்குப் பிறகு வீட்டு மாடிகளிலும் இறால் பண்ணைகளிலும் பேனல் சாதாரணமாகிவிட்டது. இப்போது வரும் புதுப் பேனல் ஒன்றின் கண்ணாடியைச் சாய்வாகப் பாருங்கள், லேசான ஊதா கலந்த நீலச் சாயல் தெரியும். பெரும்பாலும் அது எதிரொளிப்பைக் குறைக்கும் பூச்சு. வெறும் கண்ணாடி, தன் மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு நான்கு பங்கை முன்பக்கத்திலேயே திருப்பி அனுப்பிவிடும். நுண்துளைகள் கொண்ட சிலிக்காவை நூறு, நூற்றைம்பது நானோமீட்டர் தடிமனில் பூசினால், பூச்சின் மேல்பக்கத்தில் திரும்பும் ஒளியலையும் அடிப்பக்கத்தில் திரும்பும் ஒளியலையும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். தடிமன் ஒளியின் அலைநீளத்தில் கால்பங்கு கணக்கில் அமைய வேண்டும். கூடினாலும் குறைந்தாலும் பலன் குறைந்துவிடும். சிலிக்காக் கரைசலை உருளையால் கண்ணாடி மேல் ஏற்றி, கண்ணாடியைப் பதப்படுத்தும் அதே சூளையில் அறுநூறு டிகிரிக்கு மேல் சுடுகிறார்கள். கிடைப்பது இரண்டு மூன்று சதவீதம் கூடுதல் மின்சாரம். இதுதான் நேர்மையான நானோ உற்பத்தி. தடிமன் இவ்வளவு, பலன் இவ்வளவு என்று இரண்டையும் அளந்து காட்ட முடிகிறது. விளம்பரத்தில் நானோ என்ற சொல்கூட வராது.

இனி உங்கள் பாட்டில். கணக்குப் போடுங்கள் தம்பி. முப்பது அடி வள்ளத்தின் வெளிப்பக்கம் மட்டும் எடுத்தாலும் குறைந்தது 25 சதுர மீட்டர் வரும். 200 மில்லியை அதில் சமமாகப் பரப்பினால் ஈரமாக இருக்கும்போது தடிமன் 8 மைக்ரான், அதாவது எட்டாயிரம் நானோமீட்டர். இந்த மாதிரித் திரவங்களில் பெரும்பகுதி ஆவியாகிப் போகும் கரைப்பான்தான். பத்தில் ஒரு பங்கு திடப்பொருள் என்று தாராளமாக வைத்தாலும், காய்ந்த பிறகு நிற்பது ஒரு மைக்ரானுக்கும் குறைவு. கடலில் மூழ்கும் இரும்புக்கு நாங்கள் எபாக்சி என்ற கெட்டிப் பிசின் பெயின்ட் அடிக்கும்போது 250, 300 மைக்ரான் கேட்கிறோம், கருவி வைத்து அளந்து வாங்குகிறோம். ஒரு மைக்ரான் பூச்சு காரின் மேல் பளபளப்புக்கு உதவும், போன் திரையில் கைரேகை படியாமல் காக்கும். வள்ளத்தைக் கரையில் இழுத்து ஏற்றும்போது அடிப்பக்கம் மணலில் எப்படி உரசும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு மணல் துகள் அரை மில்லிமீட்டர், அதாவது ஐந்நூறு மைக்ரான். முதல் நாளே என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

தண்ணீர் உருண்டு ஓடியது பொய் இல்லை. தாமரை இலையில் நடப்பதுதான் அது. இலையின் மேல் நுண்ணிய மேடுகளும் மெழுகும் இருப்பதால் துளி காற்றின் மேல் உட்கார்ந்திருக்கிறது. இதை ஜெர்மன் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பார்த்லாட் 1990களில் விரிவாக விளக்கினார். ஆனால் தாமரை இலையைக் கையால் தண்ணீருக்கு அடியில் அமுக்கி வைத்துக்கொண்டே இருந்தால், முதலில் வெள்ளிபோல மின்னும். அந்த மினுக்கம்தான் இடையில் சிக்கிய காற்று. நேரம் ஆக ஆகக் காற்று கரைந்து போய், மினுக்கம் மறைந்து, இலை நனையும். பூச்சுக்கும் அதே கதிதான். மழைத் துளிக்குக் கிடைக்கும் பலன், நாளெல்லாம் மூழ்கிக் கிடக்கும் அடிப்பக்கத்துக்குக் கிடைக்காது. ஆகவே தகரத்தில் தண்ணீர் ஓடியதை வைத்து, கடலுக்குள் கொட்டலசு ஒட்டாது என்று முடிவுகட்ட முடியாது.

கொட்டலசைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது கல்லாக வந்து ஒட்டுவதில்லை. அரை மில்லிமீட்டர் அளவுள்ள இளம் உயிரியாக வருகிறது. வந்ததும் உடனே உட்காராது. இரண்டு உணர்கொம்புகளையும் கால்போல மாற்றி மாற்றி வைத்து, பரப்பின் மேல் நடந்து இடம் பார்க்கும். பிடித்துவிட்டால் ஒரு புரதப் பசையைச் சுரக்கும். தண்ணீருக்கு அடியிலேயே இறுகும் பசை அது. நம் தொழிற்சாலைப் பசைகளில் பலவற்றால் முடியாத காரியம். அதை ஒட்டவிடாமல் செய்ய இன்றைக்கு உறுதியாகத் தெரிந்த வழிகள் இரண்டு. ஒன்று, தாமிர ஆக்சைடு போன்ற நஞ்சை மெல்லக் கசியவிடும் பெயின்ட். இன்னொன்று, சிலிக்கோன் பூச்சு. அதில் கொட்டலசு ஒட்டும், ஆனால் பிடி தளர்வாக இருக்கும். கப்பல் வேகமாகப் போகும்போது உதிர்ந்துவிடும். நாள் கணக்கில் வேகமாக ஓடும் பெரிய கப்பல்களுக்கு அது சரிப்படும். அதிக நேரம் நின்று மீன் பிடிக்கும் படகுக்கு அவ்வளவு பலன் இல்லை. சுறாத் தோல் மாதிரி நுண்வரிகளைப் பரப்பில் பதித்துக் கொட்டலசைத் தடுப்பதும் ஆராய்ச்சியில் இருக்கிறது. சுறாவை வாலிலிருந்து தலைப்பக்கமாகத் தடவிப் பார்த்தவர்களுக்கு அந்தச் சொரசொரப்பு தெரியும். ஆய்வகத் தொட்டியில் நல்ல முடிவு காட்டுகிறது. மாதக்கணக்கில் கடலில், பாசியும் சேறும் அந்த வரிகளை நிரப்பிய பிறகும் வேலை செய்யுமா என்பது இன்னும் தீராத கேள்வி.

உங்கள் அப்பாவின் வள்ளத்துக்கு வருவோம். பைபருக்குத் துருவே பிடிக்காது. அதனால் அந்தப் பாதி வாக்குறுதி வள்ளத்துக்குத் தேவையில்லாதது. தினமும் கரையேற்றிக் காயவிடுகிற வள்ளமாக இருந்தால் கொட்டலசும் பெரிய பிரச்சினையாக இருக்காது, வெயிலே கொன்றுவிடும். கடலிலேயே கட்டிப்போடுவதாக இருந்தால்தான் பெயின்ட் அவசியம். இன்ஜின் விஷயம் வேறு. அதன் அடிப்பகுதி அலுமினியம். யாராவது வள்ளத்துக்கு வாங்கிய தாமிர பெயின்ட் மிச்சம் இருக்கிறதே என்று இன்ஜின் காலிலும் அடித்தால் தடுத்துவிடுங்கள். உப்புத்தண்ணீரில் தாமிரமும் அலுமினியமும் சேர்ந்தால் பேட்டரி மாதிரி ஆகி அலுமினியத்தைத் தின்றுவிடும். இன்ஜின் காலில் சின்னதாக ஒரு ஜிங்க் கட்டை இருக்கும். அது கரைந்தால்தான் இன்ஜின் கரையாது. அதன் மேல் எந்தப் பூச்சும் அடிக்கக் கூடாது, நானோவாக இருந்தாலும் சரி. பாதி கரைந்ததும் மாற்றிவிடுங்கள். கடலிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீர் விட்டு இன்ஜினை உள்ளே கழுவுங்கள். இந்த மூன்றையும் செய்த வீட்டில் இன்ஜின் எத்தனை வருடம் நின்றது, செய்யாத வீட்டில் எத்தனை வருடம் நின்றது என்று உங்கள் தெருவிலேயே விசாரித்துப் பார்க்கலாம்.

அப்படியானால் பெயின்ட்டில் நானோ சேர்ப்பது ஏமாற்றா என்றால், இல்லை. பத்து நானோமீட்டர் சிலிக்காத் துகள்களை ஒரு கிராம் எடுத்து, எல்லாத் துகள்களின் மேற்பரப்பையும் கூட்டினால் ஏறத்தாழ 270 சதுர மீட்டர் வரும், ஆறரை சென்ட் நிலத்துக்கு மேல். அவ்வளவு பரப்பும் பெயின்ட்டின் பிசினைப் பிடித்துக்கொண்டால் பூச்சு கெட்டிப்படும். தட்டையான நானோக் களிமண் தகடுகளைச் சேர்த்தால் உப்புத்தண்ணீர் நேராக உள்ளே இறங்க முடியாமல் சுற்றிச் சுற்றிப் போக வேண்டியிருக்கும். இவை உறுதியான விஷயங்கள். சிக்கல் என்னவென்றால், அந்த ஆறரை சென்ட் பரப்பு பிசினைப் பிடிக்காமல் தன்னைத்தானே பிடித்துக்கொள்ளத் துடிக்கும். மாவில் தண்ணீர் ஊற்றினால் கட்டி தட்டுவதுபோலத்தான். கட்டி தட்டிய நானோ, நானோ அல்ல, பூச்சுக்குள் ஓட்டை. நல்ல நிறுவனமும் சாதாரண நிறுவனமும் பிரிவது அந்தக் கலக்கும் வேலையில்தான். ஒரே அணு தடிமனுள்ள கார்பன் தகடான கிராஃபீனைப் பற்றியும் எச்சரிக்கை வேண்டும். முழுதாக இருக்கும்வரை நல்ல தடுப்பு. ஆனால் அது மின்சாரத்தைக் கடத்தும். கீறல் விழுந்து இரும்பு வெளியே தெரிந்தால், அந்த இடத்தில் துருவை வேகப்படுத்தவும் கூடும்.

நான் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன் கடலோர வேலை ஒன்றில், ஊரும் நிறுவனமும் வேண்டாம், விலை உயர்ந்த நானோ பிரைமர் (அடிப்பூச்சு) வரவழைத்திருந்தார்கள். டப்பாவோடு வந்த ஆய்வக அறிக்கையில் எந்தக் குறையும் இல்லை. வேலை முடிக்கும் அவசரத்தில் ராத்திரி பத்து மணிக்கு அடித்தார்கள். இரும்பு குளிர்ந்து, மேலே பனி இறங்கியிருந்தது. பனி படியும் வெப்பநிலையைவிட இரும்பு குறைந்தது 3 டிகிரியாவது சூடாக இருக்க வேண்டும், ஈரப்பதம் 85 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது எங்கள் தொழிலின் அரிச்சுவடி. காலையில் நான் போய்ப் பார்த்தபோது பார்வைக்கு அழகாகத்தான் இருந்தது. எட்டாவது மாதம் கத்தி நுனியை ஓரத்தில் கொடுத்து நெம்பினேன். வாழைப்பட்டை உரிகிற மாதிரி முழம் நீளத்துக்கு உரிந்து வந்தது. அடியில் இரும்பு கறுத்து ஈரமாக இருந்தது. ஓரமாகத் தொட்டு நாக்கில் வைத்தேன், உப்பு கரித்தது. அடிப்பதற்கு முன் நல்ல தண்ணீரில் கழுவவே இல்லை என்பது அப்போதுதான் புரிந்தது. அந்த மேற்பார்வையாளரிடம் நான் சண்டை போட்டேன், இன்றைக்கும் அந்தக் கோபம் எனக்குத் தணியவில்லை. நல்ல பொருளை நம் ஊர்க்காரர்கள் நம்பாமல் போவதற்கு இந்த மாதிரி வேலைதான் காரணம்.

ராமேஸ்வரத்துக்கு ரயில் போகும் பாம்பன் புதுப் பாலத்தில் என்ன செய்திருக்கிறார்கள் என்று கவனியுங்கள். 1914இல் திறந்த பழைய பாலம் நூறு வருடத்துக்கு மேல் நின்றதற்குக் காரணம் ஓயாமல் சுரண்டிச் சுரண்டிப் பெயின்ட் அடித்த கைகள். 2022 டிசம்பரில் அதில் ரயில் நின்றது. 2025 ஏப்ரல் 6ஆம் தேதி திறந்த புதுப் பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள தூக்குப் பகுதி 17 மீட்டர் மேலே போகிறது. கான்கிரீட்டுக்குள் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, இணைப்புகள் முழுக்க வெல்டிங், மேலே பாலிசிலோக்சேன் பூச்சு. பாலிசிலோக்சேன் என்பது சிலிக்கானும் ஆக்சிஜனும் மாறி மாறிக் கோத்த சங்கிலி. வெயிலின் புற ஊதாக்கதிருக்குச் சுலபத்தில் உடையாது. அதுவும் ஒருவகையில் மூலக்கூறு அளவில் வடிவமைத்த பொருள்தான். ஆனாலும் இப்படிப்பட்ட கட்டுமானத்தில் யாரும் அதை மட்டும் நம்பி விடுவதில்லை. அடியில் துத்தநாகம், நடுவில் எபாக்சி, மேலே அது என்று அடுக்கடுக்காகப் போவதுதான் முறை. ஒரு அடுக்கு தோற்றால் அடுத்தது தாங்க வேண்டும். பாட்டில் விற்றவர் சொன்னதில் இந்த அடுக்கு என்ற எண்ணமே இல்லை பாருங்கள்.

ஸ்மார்ட் மெட்டீரியல் என்றதும் ஏதோ தூர தேசத்துச் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். உங்கள் ஊர் விசைப்படகுகளில் ஆழமும் மீன் கூட்டமும் காட்டும் எக்கோ கருவி இருக்கிறதே, அதன் வட்டமான அடிப்பகுதிக்குள் இருப்பது ஸ்மார்ட் மெட்டீரியல். மின்சாரம் கொடுத்தால் சுருங்கி விரியும், அழுத்தினால் மின்சாரம் கொடுக்கும் பீங்கான். அழுத்தினால் மின்சாரம் வரும் குணத்தைக் கியூரி சகோதரர்கள் 1880இல் படிகங்களில் கண்டுபிடித்தார்கள். முதல் உலகப் போரின்போது பிரெஞ்சு இயற்பியலாளர் பால் லாஞ்செவன் இதை வைத்து நீர்மூழ்கியைத் தேடும் கருவி செய்தார். இன்றைய கருவி 200 கிலோஹெர்ட்ஸில் ஓடினால், அந்தப் பீங்கான் விநாடிக்கு இரண்டு லட்சம் தடவை துடிக்கிறது என்று அர்த்தம். வடகடலில் பத்து மீட்டர் ஆழத்தில் ஒலி கீழே போய்த் திரும்ப விநாடியில் எழுபத்தைந்தில் ஒரு பங்குகூட ஆகாது. திரும்பி வந்த மெல்லிய அதிர்வை அதே பீங்கான் மின்சாரமாக மாற்றிச் சொல்கிறது. பேசும் வாயும் கேட்கும் காதும் ஒன்றே. எத்தனையோ வருடமாக அதை நம்பித்தான் வலை இறக்குகிறோம். பாடத்தில் பீசோ என்று படிக்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

வடிவத்தை நினைவில் வைத்திருக்கும் நிட்டினால் என்ற நிக்கல் டைட்டானியம் கலவை ரத்தக் குழாயை விரித்துப் பிடிக்கும் ஸ்டென்ட்டுகளில் உறுதியாக வேலை செய்கிறது. கடலோரக் கட்டுமானத்துக்கு விலை இடிக்கும். தானே ஆறிக்கொள்ளும் பூச்சுதான் நம் கரைக்கு நெருங்கிய விஷயம். 2001இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்துக்காரர்கள், பிளாஸ்டிக்குக்குள் குட்டிக் குட்டிக் குப்பிகளில் திரவத்தை அடைத்து வைத்து, விரிசல் விழுந்தால் குப்பி உடைந்து திரவம் கசிந்து இறுகுவதைச் செய்து காட்டினார்கள். அதற்கப்புறம் துருவைத் தடுக்கும் மருந்தை நானோக் கலங்களில் அடைத்து, உப்பு வந்தால் மட்டும் திறக்கிற மாதிரியும் செய்திருக்கிறார்கள். முடிமாதிரி கீறலை ஒரு தடவை ஆற்றும் என்பது நிச்சயம். அதே இடத்தில் மறுபடி கீறல் விழுந்தால் குப்பி காலி. நங்கூரச் சங்கிலி உரசிய அகலமான காயத்தை ஆற்றாது. ஐந்து வருடம் வெயிலில் கிடந்த பிறகு உள்ளே இருக்கும் திரவம் திரவமாகவே இருக்குமா என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. கடலில் வருடக்கணக்கில் வைத்துப் பார்த்த முடிவுகள் வர வேண்டும்.

இன்னொரு கவலையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கப்பல் அடியில் அடித்த, டிரைபியூட்டைல் டின் என்ற வெள்ளீயச் சேர்மம் கலந்த பெயின்ட் கொட்டலசை மிக நன்றாகத் தடுத்தது. ஆனால் பிரான்ஸின் அர்காஷோன் விரிகுடாவில் சிப்பி வளர்ப்பே படுத்துவிட்டது, பெண் நத்தைகளுக்கு ஆண் உறுப்பு முளைத்தது. பிரான்ஸ் 1982லேயே சிறு படகுகளுக்கு அதைத் தடுத்தது. உலக அளவில் ஒப்பந்தம் 2001இல் வந்து, 2008இல்தான் அமலானது. நமக்குத் தெற்கே 21 தீவுகள், பவளப்பாறை, கடல்பசு. இந்தப் பக்கம் பாசி எடுத்தும் மூங்கில் மிதவையில் பாசி வளர்த்தும் பிழைக்கும் பெண்கள். நானோத் தாமிரம், நானோ வெள்ளி என்று பெயர் போட்டு வரும் பூச்சு பாசியைக் கொல்வதற்காகவே செய்தது. துகள் சிறிதாகச் சிறிதாக மேற்பரப்பு கூடி, கசிவும் வேகமாகும். பாட்டிலில் என்ன இருக்கிறது என்று எழுதாத திரவத்தை அந்தக் கடலில் இறக்க எனக்கு மனம் வராது. விற்பவரிடம் பாதுகாப்புத் தகவல் தாளையும் தொழில்நுட்பத் தகவல் தாளையும் கேளுங்கள். அவற்றில் உட்பொருள், காய்ந்த பின் தடிமன், எந்தப் பரப்புக்கு, மூழ்கும் இடத்துக்கு உகந்ததா என்ற நான்கும் இருக்க வேண்டும். தாள் இல்லை என்றால் பேச்சை அத்தோடு முடித்துக்கொள்ளலாம்.

படிப்பும் வேலையும். நானோ என்று பெயர் போட்ட பட்டத்தைத் தேடி ஓடுவதைவிட, வேதியியலும் உலோகவியலும் அழுத்தமாக இருக்கும் படிப்பைப் பிடியுங்கள் என்பேன். காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து வந்தது, 1953இல் திறந்தார்கள். மின்வேதிப் பொறியியல் பட்டப்படிப்பும் அங்கே உண்டு. அதன் கடல் அரிப்பு ஆய்வுக் கிளை நம் மண்டபத்திலேயே இருக்கிறது. சின்ன வயதில் வரிசை வரிசையாகச் சட்டத்தில் மாட்டிய இரும்புத் தகடுகளைப் பார்த்து, எதற்கு இப்படிக் காய வைக்கிறார்கள் என்று விழித்தவன் நான். பூச்சுப் பரிசோதகர் சான்றிதழ் வாங்கினால் டிப்ளமோவோடே வேலைக்குப் போகலாம். துறைமுகம், காற்றாலை, பாலம், எண்ணெய்க் குழாய் என்று ஆள் தேவை இருந்துகொண்டே இருக்கிறது. நம் கரையில் சிப் தொழிற்சாலை உடனே வரும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் புதுப் பூச்சு எதுவானாலும் உண்மையான கடலில் சோதித்தே ஆக வேண்டும், அதற்கு நம் கரையைப் போல் கடுமையான இடம் சுலபத்தில் கிடைக்காது.

பாட்டில் ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் அதை வள்ளத்தில் அடிக்காமல் இப்படிச் செய்யுங்கள். உள்ளங்கை அகலத்தில் பைபர் துண்டு நான்கு, அலுமினியத் துண்டு நான்கு எடுத்து, நல்ல தண்ணீரில் கழுவிக் காயவையுங்கள். இரண்டு வகையிலும் இரண்டு துண்டுகளில் பாட்டில் பூச்சு, மீதி இரண்டு வெறுமையாக. அலுமினியத்தில் ஆணி நுனியால் பெருக்கல் குறி மாதிரி அடிவரை கீறிவிடுங்கள், ஏனென்றால் கீறலிலிருந்து பூச்சுக்கு அடியில் எவ்வளவு தூரம் அரிப்பு ஊர்ந்திருக்கிறது என்பதுதான் உண்மையைச் சொல்லும். நைலான் கயிற்றில் கட்டி, ஒன்றோடொன்று உரசாமல், எப்போதும் மூழ்கியே இருக்கிற ஆழத்தில் படகு கட்டும் துறைப் பாலத்துக்கு அடியில் தொங்கவிடுங்கள். ஐப்பசியில் இறக்கி, வாடை முழுக்க விட்டு, தை பிறந்ததும் எடுங்கள். எடுத்தவுடனே, கழுவுவதற்கு முன்பு, வெயிலில் நல்ல வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் படம் எடுத்து இங்கே போடுங்கள். கொட்டலசை விரலால் தள்ளினால் நகர்கிறதா, இல்லை கத்தி வேண்டியிருக்கிறதா என்பதையும் எழுதுங்கள். பார்த்துவிட்டு மேற்கொண்டு சொல்கிறேன்.